பிற காரணங்கள்

ஊத்தங்கரை ஸ்டேஷன் பழைய பதிவேடுகளைக்
கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு.
ஒரு பதிவுக்கு மூன்று ரூபாய்.
பெயர், வயது, ஊர், தேதி,
ஒன்பதாவது கட்டத்தில் காரணம்.

எண்பத்தெட்டிலிருந்து பல வருடம்
எல்லோருக்கும் வயிற்றுவலி.
பதினேழு வயதில் வயிற்றுவலி.
கல்யாணமாகி நாற்பதாம் நாள் வயிற்றுவலி.
சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரே தெருவில்
மூன்று பெண்களுக்குத் தீராத வயிற்றுவலி.
ரைட்டர் கையெழுத்து குண்டுகுண்டாக,
ஓர் அடித்தல் கிடையாது.

பிறகு வயிறெல்லாம் திடீரென்று குணமாகி
மே மாதத் தாள்கள் தடிக்கின்றன.
பரீட்சை. பரீட்சை.
அதற்கும் பிறகு 'கடன்', 'செல்போன் கண்டித்ததால்'.
திரையில் இறங்கும் பட்டியலில் பதினெட்டுக் காரணம்,
ஒன்றைத்தான் தொட முடியும்.

இரண்டாயிரத்துப் பதினொன்று, பக்கம் அறுபத்திரண்டு.
கோ. நதியா, 17. தேர்வு.

என் பெஞ்ச் அவள்.
தேர்வு பொய்யில்லை.
ஆனால் ஃபீஸ் பாக்கிக்காக
மெஸ்ஸில் தட்டோடு நிற்கவைத்தார்களே, அது?
அவள் மார்க்கை நம்பி
அக்கா வளையல் அடகில் இருந்தது?
ஒரே ஒரு மெசேஜுக்கு அண்ணன் சிம்மை உடைத்ததும்
அந்தப் பையன் எந்தத் தெரு என்று
ஊரே விசாரித்ததும்?
குறிப்பில் எல்லாம் அடித்துப் பார்த்தேன்.
எழுத்துகள் அதிகம் என்றது திரை.
'பிற'வைத் தொட்டேன். மூன்று ரூபாய்.

நடுவில் ஒரு வருடம்
பதிவேடு மெலிந்திருந்தது.
இரண்டு தடவை எண்ணினேன்.
"தாள் கிழிஞ்சிருக்கும், நல்லா பாரும்மா"
என்றார் சூப்பிரண்டெண்ட்.
கிழியவில்லை. தையல் கெட்டியாக இருந்தது.

ஏறிய வருடத்துக்குக் கமிட்டி வரும், ஜீப்பில்.
இறங்கிய வருடத்தை
ஏன் இறங்கினாய் என்று யாரும் கேட்பதில்லை.
மழையா? தக்காளி விலை நின்றதா?
காலேஜ் வரைக்கும் டவுன்பஸ் விட்டார்களா?
ரிசல்ட் அன்று
பெயிலான வீடுகளுக்கு முதலில்
யாராவது ஒரு டீச்சர் வண்டியை விட்டாரா?
இல்லை, எதுவுமே இல்லாமல்
ஒருத்தரை ஒருத்தர் கொஞ்சம் குறைவாகக் கணக்குப் பார்த்தார்களா?

ராத்திரி அம்மாவைக் கேட்டேன்.
மாவைக் கரைத்தபடி யோசித்தாள்.
"ஒண்ணும் ஞாபகம் வரலியே.
சும்மா ஒரு வருஷம் அது."

சும்மா ஒரு வருஷம்.
நதியா, உனக்கு
அதைத்தான் கேட்டிருப்பேன்.