நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அறுநூற்றைம்பது ரூபா நான் தரவேண்டுமாம்.
கணக்குச் சொல்கிறார் புஷ்பராஜ்:
கொட்டகலைக்கு ஒரு ஹயர்,
இரண்டு மூட்டை, ஒரு குடை, அவசரக்காரர் ஒருவர்,
ரெக்சின் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு
பின்னால் நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.
“நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இருந்தேன் மிஸ்.
அந்த எடத்துல எப்படித் தலைய நிமித்துறது?”

புத்தகம் என்னுடையதுதான்.
இரவல் கொடுத்தேன் என்று சொல்ல ஆசை.
உண்மை வேறு:
அலுமாரியில் இடம் வேண்டிப் பன்னிரண்டு புத்தகங்களைச்
சணல் கயிற்றில் கட்டி
பழைய கடதாசிக் கடையில் நிறுத்துப்போட
ஹட்டன் ஸ்டேஷனடியில் அவர் ஆட்டோவில்தான் ஏறினேன்.
கட்டு தளர்ந்து ஒன்று சீட்டுக்கடியில் நழுவியிருக்கிறது.
குறைந்ததைத்
தராசும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அடகுப் பிரிவில் எனக்கு வேலை.
பவுண், கிராம், தவணை, வட்டி.
ஒன்பது வருடமாய் நான் வாசித்ததெல்லாம்
பிறர் காதிலிருந்து கழன்ற தோடுகளின் எடை.
இரவில் ஃபோன். கட்டைவிரல் மட்டும் வாசிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை
முப்பத்தேழாம் இலக்கத் துண்டோடு வரிசையில் வந்தார்.
மனைவியின் சங்கிலியாக்கும் என்று படிவத்தை இழுத்தேன்.
பாண் பையிலிருந்து இதை எடுத்தார்.
“மொத பக்கத்துல ஒங்க பேரு இருக்கு,
சுகிர்தமலர், கலைப்பிரிவு.
இன்னும் முடிக்கல. ஒரு கெழம தவண தருவீங்களா?”
வரிசை சிரித்தது.
சீல் குத்தாமலே கொடுத்தேன்.

பிறகு சண்டை தொடங்கியது.
கதையில் ஒரு தோணிக்காரி.
காற்றுத் திரும்பிய மாலையில்
கரையில் நின்று கூப்பிட்ட ஒருவனை
ஏற்றாமல் தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறாள்.
பத்தொன்பது வயதில் அவளை நான் மன்னிக்கவில்லை.
புஷ்பராஜ் அவள் கட்சி:
“சில ஆள ஏத்தக் கூடாது மிஸ்.
ஏறினப்பறம் எறக்குறது லேசில்ல.”
கடலைக் கண்டதில்லை அவர்.
தலவாக்கலை நீர்த்தேக்கத்தில் அந்தத் தோணியை
மிதக்கவிட்டுத்தான் வாசித்தாராம்.

திருப்பி வாதாட
என்னிடம் கதை பாதிதான் மிச்சம்.
இடையில் மருந்துக்கடை ஃபஸ்லியா பிடுங்கிப் போனாள்,
மாத்திரை எண்ணும் இடைவெளிகளில் இரண்டே நாளில் முடித்து
ரொட்டிக்கடையில் வைத்து முடிவை உளறிவிட்டாள்.
புஷ்பராஜ் அவளுக்கு இன்னும் முகம் கொடுப்பதில்லை.

என் முறை வந்தபோது
பக்கங்களில் பெட்ரோலும் இருமல் மருந்தும் மணத்தன.
அவர் கோடிட்ட இடங்களில்
நான் முன்பு நின்றதேயில்லை.
இந்தத் தோணிக்காரிக்கு
இவ்வளவு பகிடி எப்போது வந்தது?
கேத்திலில் தண்ணீர் வற்றி அடி கருகியது.
ஃபோன் எங்கோ மெத்தைக்குள் நடுங்கி ஓய்ந்தது.

சனிக்கிழமை கடதாசிக் கடைக்கு ஓடினேன்.
பத்தும் போய்விட்டன, கொழும்பு லொறியில்.
பதினோராவது
கடைக்காரர் மடியில் விரிந்து கிடந்தது.
“விலைக்கு இல்ல” என்றார், கண்ணை எடுக்காமல்.
“முடிச்சப்பறம் வாங்க.”

நேற்று மாலை ஆட்டோவின் பின்சீட்டில்
நானும் அதே பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.
அவன் கூப்பிடுகிறான்.
அவள் துடுப்பை எடுக்கிறாள்.
இந்தத் தடவை அவனை விட்டுவிட்டு
அவள் கையைப் பார்த்தேன்.
நடுங்கிக்கொண்டிருந்தது.
அன்றும் நடுங்கியிருக்கும்.

வீடு எப்போதோ வந்திருந்தது.
என்ஜின் அணைந்ததுகூடத் தெரியவில்லை,
மூடுபனி திரைவரை வந்து நின்றிருந்தது.
நான் நிமிர்ந்தபோது
முன்கண்ணாடியை மூன்றாம் முறையாகத் துடைத்தபடி புஷ்பராஜ்:

“வெயிட்டிங் சேத்து
இப்ப எழுநூத்தம்பது மிஸ்.”