நியூட்ரல் இல்லாத சுவர்

பன்னிரண்டாவது போர்டும் சூடேறிவிட்டது.
கீழே ஜவ்வரிசி மண்டியில் மூட்டை தைக்கிறார்கள்.
செவ்வாய்ப்பேட்டை மாடிக்கு
மாவு வாசனை ஏறி வந்து
ஈயப் புகையோடு கலக்கிறது.

வாகீசன் பட்டியல் வாசிக்கிறான்:
வைஃபை பேச வேண்டும்,
ஜிக்பீ பேச வேண்டும்,
புளூடூத் கூப்பிட்டால் தலையாட்ட வேண்டும்,
அப்புறம் த்ரெட் என்று ஒன்று.
நூல்.
கம்பியே இல்லாத ஒன்றுக்கு
நூலென்று பெயர் வைத்தவன்
அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே
ஒரு நாளும் தூங்கியிருக்க மாட்டான்.

இத்தனைக்கும் சேர்த்து
சில்லுக்குள் ஒரே காது.
ஒன்றைக் கேட்கிற நேரம்
மற்றதெல்லாம் அதற்குக் கேட்காது.
இவனுக்கு நாலு மில்லி நொடி,
அவனுக்கு மூன்று,
மிச்சம் யாருக்கு என்று
மூன்று வாரமாகப் பாகம் பிரிக்கிறேன்.
எனக்கும் அம்மாவிடம் சௌராஷ்டிரம்,
அவரிடம் தமிழ்,
மாமியார் கோபத்துக்கு மட்டும் கன்னடம்.
எதையும் தவறவிட்டதில்லை என்று
சொல்லமாட்டேன்.

இரவு பதினொன்றே கால். மலையிலிருந்து போன்.
"அணைச்சாலும் எரியுதும்மா."
ரெஜினா. நாகலூர்ப் பக்கம்
காப்பித் தோட்டத்து பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவள்.
முதலாளி சென்னையில்.
அங்கே உட்கார்ந்து போனில் தட்டி
இங்கே விளக்குப் போடுவதில் அவருக்கு ஓர் ஆசை.
பதினெட்டு ஸ்விட்ச் மாட்டியிருந்தோம்.

மறுநாள் சாயங்காலம்
இருபது கொண்டை ஊசி வளைவு.
வளைவுக்கு ஒரு காரணம் சொல்லி வந்தான் வாகீசன்.
ரிலே ஒட்டிக்கொண்டது.
ஈரம்.
உன் நிரல்.
பதினாலாவதில் மூடுபனி.
அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

நஞ்சுண்டன் எங்களுக்கு முன்பே
சுவர்ப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.
"ரெண்டே ஒயருங்க.
ஒண்ணுல வரும், ஒண்ணுல பல்புக்குப் போகும்.
நியூட்ரலை ஸ்விட்சு வரைக்கும்
யாரு அப்ப இழுத்தா?"

அதுதான்.
பழைய ஸ்விட்சுக்கு அணைத்தபின் வேலையில்லை.
எங்களுடையது விழித்திருக்க வேண்டும்,
எவர் எந்தப் பாஷையில் கூப்பிடுவாரோ என்று.
விழித்திருந்தால் பசிக்கும்.
சுவருக்குள் சோறில்லை.
பல்பின் வழியாகவே
துளித்துளியாகத் திருடித் தின்கிறது.
பழைய குண்டு பல்புக்கு அது உறைத்திருக்காது.
இந்த எல்இடி ரோஷக்காரி,
ஒரு சிட்டிகைக்கே
மினுங்கிக் காட்டிக்கொடுக்கிறாள்.

மருந்து சின்னதுதான்.
பல்புக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர்,
பதினோரு ரூபாய்.
கசிகிறது அதன் வழியே போய்விடும்.
கூடம் இருண்டது.
படுக்கையறைகள், சமையற்கட்டு,
யாரும் ஏறாத மாடிப்படி.
பதினேழு எண்ணிவிட்டு
நஞ்சுண்டன் ஏணியோடு பின்நடைக்குப் போனார்.
ரெஜினா குறுக்கே நின்றாள்.

"இது மட்டும் இருக்கட்டும்."

ராத்திரியில் காட்டெருமை வந்து
செடிகளுக்குள் நிற்குமாம்.
விளக்கைப் போட்டால் மிரண்டு வேலியை முறிக்கும்.
போடாவிட்டால் தாழ்ப்பாள் கைக்கு அகப்படாது.
"இந்த வெளிச்சம் அளவா இருக்கு.
அதுக்குத் தெரியல, எனக்குத் தெரியுது."

அப்புறம் ஏன் போன் செய்தாய் என்றான் வாகீசன்.

"ஐயா பாத்தா
என்னையில்ல கேப்பாரு."

ஏணியை மடக்கினார் நஞ்சுண்டன்.
வெளியே செடிகளுக்குள்
ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டது.
பனியாகவும் இருக்கலாம்.

சேலத்துக்குத் திரும்பிக்
குறைப் பட்டியலைத் திறந்தேன்.
பதினேழு வரியில் 'சரிசெய்யப்பட்டது'.
பதினெட்டாவதற்கு
அந்தப் பெட்டி தருகிற சொல் எதுவும் பொருந்தவில்லை.
வெறுமையாக விட்டேன்.

சென்னையில் அவருடைய போனில்
பின்நடை விளக்கு
அணைந்திருப்பதாகவே காட்டும்.
அந்த வரி
நான் எழுதியது.