கூரைக் காசு

பிரட்டுச் சங்கு ஊதிய பிறகுதான்
எங்கள் தோட்டத்தில் சேவல் கூவும்.
மறுதலிக்க நினைப்பவன்
அதற்கும் முன்னே எழும்ப வேண்டும்.
எழும்பினேன்.

கழுத்துப்பட்டி கட்டத் தெரியாமல்
சலோமியை எழுப்பினேன். அவளுக்கும் தெரியாது.
கைப்பேசியில் பார்த்துப் பார்த்து
இருவருமாக ஒரு சுருக்குப் போட்டோம்.

ஒன்பது வருடம் உபதேசியார்.
வந்த அன்று முப்பத்தாறு பேர்.
கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள்,
கட்டாருக்குப் போனவர்கள்,
டவுனில் கிட்டார் அடிக்கும் சபைக்குப் போனவர்கள் போக
மீதி ஏழு. மழை நாளில் நான்கு.
மூன்று தரம் குடியை விட்ட செல்லமுத்து
நான்காம் தரம் விடுவதற்காகக்
குடித்துக்கொண்டிருந்தான்.

ஹட்டனில், கண்ணாடிக் கதவுக்குள்ளே
நுண்கடன் கம்பனி அதிகாரி சொன்னார்:
"லயத்துப் பொம்பளைங்க உங்களுக்குக் கதவு திறப்பாங்க.
அதுதான் எங்களுக்கு வேண்டிய தகைமை."
எண்பத்தையாயிரம். மோட்டார் சைக்கிள். பெற்றோல்.
நான் என் கால்களைப் பார்த்தேன்.
புதுச் சப்பாத்து.
கூரைத் தகரத்துக்குச் சேர்த்த உண்டியலில் எடுத்த
ஆறாயிரத்து ஐந்நூறு.
கடன் என்றுதான் எடுத்தேன்.
யாரிடம் கேட்டு என்று கேட்காதீர்கள்.

அந்த நேரம் பதினோராம் நம்பர் மலையில்
குளவிக் கூடு கலைந்திருக்கிறது.
மரியபுஷ்பத்தைச் சாக்கில் சுற்றி
லொறியில் ஏற்றியபோது
"உபதேசியாரக் கூப்பிடுங்க" என்றாளாம்.
அதிகாரிக்கு மரியாதையாக
என் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன்.

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில்
அவள் முகம் பாண் மாதிரி ஊதிக் கிடந்தது.
கையைப் பிடித்தேன். ஜெபம் வரவில்லை.
கழுத்துப்பட்டியைக் கழற்றவும் மறந்திருந்தேன்.
"யாரு?" என்றாள், கண் திறக்க முடியாமல்.
என் பெயரைச் சொல்ல
எனக்கு நேரம் எடுத்தது.
"மெதுவாப் பேசுங்க ஐயா,
பக்கத்துக் கட்டில்ல புள்ள தூங்குது."

ஞாயிறு.
தண்டவாளத் துண்டில் மணி அடித்தேன்.
மழை. வழக்கமான நால்வர்.
ஐந்தாவதாக, ஒரு கண் மட்டும் திறந்த மரியபுஷ்பம்.
கடைசி வாங்கில் செல்லமுத்து, நேற்றைய நாற்றத்தோடு.
அன்றைய வேதப்பகுதியை வாசிக்காமல்
உண்டியலைத் திறந்து காட்டினேன்.
பிறகு சப்பாத்தைக் காட்டினேன்.
தகரத்தில் அப்படியொரு இரைச்சல்.
யாருக்கும் கேட்டிருக்காது என்று
ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

முதலில் பேசியது செல்லமுத்து.
"மாசம் ஐந்நூறாக் கட்டுங்க. வட்டி வேணாம்."
விரல் மடக்கி எண்ணினான்.
"பதிமூணு மாசம்.
அதுவரைக்கும் நீங்க எங்கயும் போக ஏலாது பாருங்க."
யாரோ சிரித்தார்கள். யாரோ இருமினார்கள்.
ஒழுகும் இடத்துக்கு வாளியைத் தள்ளி வைத்துவிட்டு
மரியபுஷ்பம் பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

நான்கு தவணை கட்டியாயிற்று.
கம்பனி இலக்கம் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது.
மாதக் கடைசியில், அரிசி வாளியின் அடி
சுண்டால் தட்டுப்படும் சத்தம் கேட்டால்
விரல் அதன் மேலே போய் நிற்கிறது.
ஆண்டவரே, அழித்துவிட்டேன் என்று
உம்மிடம் பொய் சொல்லப் போவதில்லை.

வேறு சப்பாத்தும் இல்லை.
இதைப் போட்டுக்கொண்டுதான்
லயம் லயமாகப் போகிறேன்.
இடது குதிகாலில் இன்னும் கடிக்கிறது.

இந்த ஞாயிறு செல்லமுத்து வரவில்லை.
இரண்டு நாளாக வேலைக்கும் போகவில்லையாம்.
தவணைக் கொப்பி அவனிடம்தான் இருக்கிறது.
ஐந்தாம் கையெழுத்து
அவன்தான் போட வேண்டும்.
மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை.
போகிறேன்.