கொம்பு வெட்டிய செவ்வாய்

நாட்காட்டியின் தலைவரியில்
கிழமைக்கு ஓரெழுத்துதான் இடம்.
கைப்பேசித் திரை, அதற்குமேல் தாங்காது என்றார்கள்.
ஆங்கிலம் நுழைந்தது. சீனம் எண்களாய் நுழைந்தது.
மலாயும் நுழைந்தது.
தமிழிலும் நிரல் முதலெழுத்தை எடுத்தது,
எழுத்தென்று அது நினைத்துக்கொண்டதை.

கண்ணுக்குக் கொம்பு முன்னால் நிற்கிறது.
கணினிக்குள் அது சகரத்தின் பின்னால் நிற்கிறது.
ஒன்றை மட்டும் எடு என்றால்
சகரம் வரும், கொம்பு வராது.
செவ்வாய் ச ஆனது.
சனி ஏற்கெனவே ச.
வியாழனும் வெள்ளியும் ஆளுக்கொரு வ.
ஞாயிறு காலை இழந்து
ஞ என்று உட்கார்ந்திருந்தது.
பாய லேபார் ஒன்பதாம் மாடியில்
இதை யாரும் பார்க்கவில்லை.
பார்க்க வேண்டியவள் நான்.

மாசிலாமணி பார்த்தார்.
துறைமுகத்தில் முப்பது வருஷம் பாரந்தூக்கி ஓட்டியவர்.
நினைவூட்டுச் செய்தி சொன்னது:
இந்த வாரம், ச, காலை 9:30.
சனிக்கிழமை தோ பாயோ பல் மருந்தகத்தின்
மூடிய கதவு முன் நின்றார்.
செவ்வாயன்றே அவர் பெயரெதிரே
வரவில்லை என்று விழுந்துவிட்டிருந்தது.

'எங்களுக்கும் செலாசா, சப்து ரெண்டும் ஒரே எழுத்துதான்'
என்றாள் சுஹைலா.
'அம்மா எழுத்தைப் பார்ப்பதில்லை,
வரிசையில் எத்தனையாவது என்று பார்ப்பாள்.'
நாங்கள் அனுப்பிய செய்தியில் வரிசை இல்லை.
தனியாய் ஒரு ச.

அவர் அழைப்பு எப்படியோ என்னிடம் வந்தது.
கோபமில்லை. பல்லில்தான் வலி.
'தமிழ்ல போட்டிருந்துச்சு, நம்பி வந்தேன்மா.'
ஆள் அவர்தானா என்றறியப் பிறந்த தேதி கேட்டேன்.
பன்னிரண்டு நவம்பர் அறுபத்தொன்று.
என் திரையில் பதினொன்று.
மற்ற மூன்று மொழிகளையும் திறந்தேன்:
பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.
'அப்ப தமிழ்ல நான் ஒரு நாள் மூத்தவனா?'
சிரித்தார்.
தாடையைப் பிடித்திருக்க வேண்டும்,
சிரிப்பு பாதியில் நின்றது.

தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் தனி நிரல்.
எனக்கு முன்பிருந்தவர் எழுதிவைத்துப் போனது,
அக்கறையோடுதான்.
அதற்கு இந்தத் தீவின் பழைய மணி தெரியும்.
எண்பத்திரண்டு பிறந்த இரவில்
பதினொன்றரை அடிக்க வேண்டிய கடிகாரம்
பன்னிரண்டு அடித்தது.
அந்த அரைமணியில் இங்கே யாரும் உறங்கவில்லை,
யாரும் பிறக்கவில்லை,
கடைசிப் பேருந்தைத் தவறவிடவும் இல்லை.
சேமிக்கும்போது புது மணி,
காட்டும்போது பழைய மணி.
நள்ளிரவு விளிம்பில் வைத்த பிறந்தநாள்
அரைமணி சரிந்து முந்தின நாளில் விழுகிறது,
அதற்கு முன் பிறந்த எல்லாருக்கும்,
தமிழில் படித்தால் மட்டும்.

பிழை என்று எழுத விரல் கொஞ்சம் தயங்கியது.
மற்ற மூன்றுக்கும் வரலாறே தெரியாது,
அதனால் சரியாக இருந்தன.

அழித்தேன்.
நான்கு மொழிக்கும் ஒரே வாசல் வைத்தேன்.
பிறந்த தேதிக்கு மணியே வேண்டாம் என்றேன்.
கிழமையை முழுதாய் எழுது,
இடம் போதவில்லையா, இரண்டாம் வரிக்குப் போ.
ஜியா ஹுய் முகம் சுளித்தாள்,
அவள் கட்டங்கள் வீங்கின.
வியாழக்கிழமை திருத்தம் ஏறியது.

அவரை நானே அழைத்தேன்.
'ஏப்ரல் பதினாலு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை.
நாலு மொழியிலும் அதுதான். சரிபார்த்துட்டேன்.'
மறுமுனையில் தாள் புரளும் ஓசை.
'அன்னைக்கு வருஷப் பிறப்பாச்சேம்மா.
பல்லைப் பிடுங்கிட்டு வடை எப்படித் தின்னுறது?'

மாற்றக் காரணம் என்றொரு பெட்டி உண்டு.
நோய், பயணம், வேலை, வேறு.
வேறு என்று தொட்டேன்.
'அடுத்த செவ்வாய் பரவாயில்லையா?'
'அடுத்ததுன்னா எது?'
என்று கேட்டார், அவர் கேட்டது நியாயம்.
இருபத்தொன்று என்றேன்.
செ என்றேன், கொம்போடு.