ரசீது

ஹீத் நகரத்துப் பழைய பள்ளிக்கூடத்தில்
நான்காம் வகுப்பு அறைதான்
இழப்பீட்டு அலுவலகம்.
கரும்பலகையில் வகுத்தல் கணக்கொன்று
பாதியில் நின்றிருந்தது.
யாரும் அழிக்கவில்லை.

என் வேலை நாக்கு.
இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பது.
முகத்தை மூடியிருப்பேன்.
என்னை யாரும் தெருவில் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது.

கேப்டனிடம் ஒரு பட்டியல் இருந்தது:
கார்க் கண்ணாடி, ஆடு,
காய்க்கும் பேரீச்சை, காய்க்காத பேரீச்சை,
சுவர் என்றால் மீட்டர் கணக்கு.
ஆள், கடைசிக்கு முந்தைய வரி.
அதற்கும் கீழே 'இதர'.

சட்ட அதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தார்:
வருந்துகிறோம் என்று சொல்லலாம்.
மன்னியுங்கள் என்று சொல்லக் கூடாது,
அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.
உங்கள் மொழியில் இரண்டும் வேறுதானே?
வேறுதான் என்றேன்.
என் மொழி எது என்று அவர் கேட்கவில்லை.
வீட்டில் நாங்கள் அரபி பேசுவதில்லை.

ஷாகிர் முஸ்ஹிர் வந்தது ஒரு வியாழக்கிழமை.
யூப்ரடீஸ் கரையில் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் காவல்.
சட்டையில் டீசல் வாடை.
கேப்டன் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.
நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும்.
"என் நாடு வருந்துகிறது" என்றார்.
நான் சொன்னேன்.
"நாடு என்றால் யார்?" என்றார் ஷாகிர்.
அதை நான் அந்தப் பக்கம் கொடுக்கவில்லை.

பணத்தை எண்ணினார். ஒரு நோட்டு கிழிந்திருந்தது.
மாற்றித் தரச் சொன்னார். தந்தார்கள்.
மூன்று இடத்தில் கையெழுத்து,
ஓரிடத்தில் பெருவிரல்.

பிறகு சட்டைப் பையிலிருந்து
கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து விரித்தார்.
"உங்கள் தாளில் நான் போட்டுவிட்டேன்.
என் தாளில் நீங்கள் போடுங்கள்."

படியுங்கள் என்றார் கேப்டன்.

பெற்றுக்கொண்டோம்:
பையன் ஒன்று. பெயர் மிஷ்அல். வயது பதினொன்று.
இடது காதருகே தழும்பு.
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின், மோட்டார் அறையருகே.
நல்ல நிலையில் இருந்தது.

கடைசிச் சொல்லில் தடுக்கியது எனக்கு.
ஆளுக்கு ஒரு சொல் உண்டு, சரக்குக்கு ஒரு சொல் உண்டு.
தெரிந்துதான்
சரக்குக்கானதை எழுதியிருந்தார்.

கேப்டன் பேனா மூடியைத் திறந்தார்.
மூடினார். திறந்தார்.
"எனக்கு அந்த அதிகாரம் இல்லை."
அதை நான் சொல்லுமுன்பே
ஷாகிர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.
"இருக்கிறவர் வந்ததும் போடட்டும்."
தாள் மேசையிலேயே கிடந்தது.
மாலையில் அதை
'இதர' கோப்பில் வைத்தேன். வேறெங்கே வைப்பது?

இப்போது மிச்சிகனில்
மளிகைக் கடைக் கல்லாவில் நிற்கிறேன்.
ரசீது வேண்டுமா என்று கேட்பது கடையின் விதி.
பாதிப்பேர் வேண்டாம் என்று போய்விடுகிறார்கள்.
இயந்திரம் எப்படியும் அடித்துத் தள்ளும்,
நான் கிழித்துக் கூடையில் போடுவேன்.

தலைக்கு மேல் தொலைக்காட்சியில்
வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள்.
ஏதோ ஊர்.
செய்தி வாசிப்பவளுக்கு அந்தப் பெயர் இன்னும் வாயில் படியவில்லை.
அங்கேயும் ஒரு நான்காம் வகுப்பு இருக்கும்,
இந்நேரம் வகுத்தல் வரைக்கும் வந்திருப்பார்கள்.