கிழிவெண்

தாள் செய்வேன். செய்த தாளைக் கிழிப்பேன்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

புகளூர் ஆலையின் சோதனைக்கூடத்தில்
இந்த வாரம் எனக்கு மூன்றாம் ஷிப்ட்.
கழுவுதொட்டியிலிருந்து ஒரு மக்குக் கூழ்
செங்கோடன் கொண்டுவந்து வைப்பான்,
"சூடு ஆறலீங்க, பாத்து."
களிக்குக் கரைத்த மாவு போலிருக்கும்,
வாசம்தான் வேறு.
தண்ணீரில் கலக்கி, சல்லடையில் வடித்து
அப்பள வட்டத்தில் ஒன்று,
இன்னொன்று, பத்து வரை.
அழுத்தி, உலர்த்தி, எடைபோட்டு
பிறகு கிழிப்பு.
ஊசல் விழும். சர்ரென்று ஓர் ஓசை.
எண்ணைக் குறித்துக்கொள்வேன்.

வெளியே சக்கைக் குன்று.
எந்நேரமும் தண்ணீர் பீய்ச்சுவார்கள்.
காய்ந்தால் தீப்பிடிக்கும், நனைந்தால் புளிக்கும்.
அந்தப் புளிப்பு என் துப்பட்டாவில் ஏறி
வேலாயுதம்பாளையம் பஸ்ஸில்
பக்கத்து சீட்டை எப்போதும் காலியாக வைத்திருக்கிறது.

கரும்புக்குள் சோறு என்று ஒன்று உண்டு,
பஞ்சு போல, சாறு குடியிருந்த இடம்.
அது தாளுக்கு ஆகாது.
கூழில் கிடந்தால் தண்ணீரை விடாது,
தாளில் புள்ளி விழும்.
உதறிப் பிரித்து பாய்லருக்குத் தள்ளுவார்கள்.
பல்லில் குத்திய தோல்புறம், நாம் துப்பிய நார்,
அதுதான் ரீம் ரீமாகக் கடைக்குப் போகிறது.
சேர்ந்த புதிதில்
இதற்கு ஏதோ அர்த்தம் இருக்குமென்று யோசித்தேன்.
இப்போது சதவீதம் மட்டும் பார்க்கிறேன்.

தவுட்டுப்பாளையத்தில் நல்லசிவம் அண்ணனுக்கு
ஒன்றரை ஏக்கர் கரும்பு.
வெட்டு உத்தரவு வராமல் பூத்துப்போனது.
பூத்த கரும்பு பார்க்க அழகு.
பார்த்துக்கொண்டே இருந்தால் எடை போகும்.
மாசியில் ஒருவழியாக வெட்டி லாரி ஏற்றினார்கள்.
நம்ம சக்கை உன் கூழுக்கு வந்துச்சா
என்று அண்ணி கேட்டாள்.
நாளைக்கு நூறு லாரி வருது, எப்படித் தெரியும்?
"நம்ம காட்டுத் தண்ணி உப்பு, கண்ணு.
நாக்குல வெச்சா தெரியாதா?"
சோடாவில் வேகவைத்து வெளுத்த பிறகு
எந்த உப்பு, யார் உப்பு.

போன ஞாயிறு சர்க்கரை ஆலையின் கடிதத்தை
அண்ணன் நீட்டினான்.
வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
நார் சீராகப் பரவியிருந்தது. புள்ளியில்லை.
அறுபது கிராம், விரலுக்கே தெரியும்.
கை தன் பழக்கத்தில்
மூலையில் இரண்டு அங்குலம் கிழித்துப் பார்த்தது.
நேராகப் போனது. நீளவாட்டம்.

"கிழிக்கறயே!" பாய்ந்து பிடுங்கினான்.
"இல்லண்ணா, நல்ல தாளு. சக்கைப் பங்கு தூக்கலா..."
"தாளு நல்லாத்தான் இருக்கும்.
என்ன எழுதியிருக்குன்னு படி."

படித்தேன்.
நிலுவை குறித்துப் பின்னர்த் தெரிவிக்கப்படும்.
ஒரு வரி. அதைவிடப் பெரிய முத்திரை.
யாரும் எதுவும் பேசவில்லை,
தெருவில் பால்வண்டிக்காரன் ஹாரன் அடித்தும்
யாரும் எழவில்லை.

பிறகு அண்ணி சட்டியிலிருந்து
நாலு சோற்றுப் பருக்கை எடுத்து நசுக்கி
கிழிசலில் தடவி ஒட்டினாள்.
மேலே தண்ணீர்ச் செம்பை வைத்தாள்.
காய்ந்தபின் அந்த இடம்
மற்ற தாளைவிடக் கெட்டியாக நிற்கும்.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.