மணிக்கட்டுக்கு ஒரு கீரை

ஆறரை மணிக்கு நூறாம் நம்பர் பஸ்
வெள்ளவத்தைச் சந்தையடியில் என்னைத் துப்பிவிட்டுப் போகும்.
குசுமாவதியின் சாக்கில் அந்நேரம்
மிஞ்சிக் கிடப்பவை இரண்டு:
வட்ட இலை வல்லாரை,
கூர் இலைப் பொன்னாங்காணி.
அவள் வாயில் கொடுகொல, முக்குணுவென்ன.
விலையும் ஒன்று, கட்டும் ஒரே பருமன்,
வாழைநாரால் இறுக்கியது.

மூளைக்கு இது, கண்ணுக்கு அது என்பார்கள்.
பகல் முழுக்க ஊரார் கணக்கை
ஒன்பது இலக்கம் பிசகாமல் சுமக்கிறேன்,
மூளைக்கு இனி இடமில்லை.
கண்ணாடியும் போட்டாயிற்று.
எனக்கு வேண்டியது
மணிக்கட்டுக்கு ஒரு கீரை.

வல்லாரை என்றால் நூல் நூலாய் அரியவேணும்.
தேங்காய் துருவவேணும்
(தேங்காய் விலையைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை).
தேசிக்காய் பிழிந்த கையோடு தின்றுவிடவேணும்,
அரைமணி போனால்
தண்ணீர் விட்டு, முகம் கறுத்து, கோபித்துக்கொள்ளும்.

பொன்னாங்காணி பொறுமைசாலி.
ஈரத்தாளில் சுற்றினால் மூன்று நாள் கிடக்கும்.
வெங்காயம், செத்தல் மிளகாய், ஒரு சிட்டிகை மாசி,
சட்டி சுட்டதும் ஒரு பிரட்டு.
ஆனால் தண்டு இருக்கிறதே!
முற்றலா இளசா என்று ஒவ்வொன்றையும்
நகத்தால் கேட்கவேணும்.

அறையில் பாதி ஃபஸ்மினாவுடையது.
ஃபிரிட்ஜில் மேல்தட்டு அவளது, கீழ்த்தட்டு எனது,
காஸ் சிலிண்டர் பொது.
"பச்சையாத் தின்னாட்டி அது என்ன கீர?
நீ வதக்கிறது புல்லு புள்ள" என்பாள்.
புல் தின்கிற மாடுதான்
உன் தேத்தண்ணிக்குப் பால் தருகிறது என்பேன்.

செவ்வாய்க்கிழமை மழை.
சண்டையை முடிப்போம் என்று வல்லாரைக் கட்டைத் தூக்கினேன்.
குசுமாவதி அதை என் கையிலிருந்து பிடுங்கி
பழைய இடத்தில் வைத்தாள்.
"எபா மிஸ்."
விடியக்காலை தொட்டுத்
தெளித்துத் தெளித்துப் பச்சை காட்டிய கட்டாம்.
பிறகு வந்த ஆளுக்கு அதை விற்றாளா
என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ஆய்ந்து கழித்த ஏழு தண்டுகளைத்
தயிர்ச்சட்டியில் ஊன்றியது ஃபஸ்மினா.
ஏனடி என்றேன்.
சும்மா என்றாள்.
நாலாம் மாடி யன்னல் விளிம்பு, கடற்காற்றின் உப்பு,
கீழே பத்து நிமிடத்துக்கொரு ரயிலின் நடுக்கம்.
நான் நம்பவில்லை.
பதினோராம் நாள்
கணுவுக்குக் கணு இரண்டிரண்டாய் வந்தது.
கணக்குப் பிள்ளையின் புத்தி, எண்ணினேன்:
முப்பத்தெட்டு இலை.
ஒரு வறைக்குக் காணாது.
பறிக்கவும் மனமில்லை.

இன்று மறுபடி ஆறரை.
இரண்டு கையிலும் இரண்டு கட்டைத் தூக்கிப் பிடித்து
தராசுபோல் நிற்கிறாள் குசுமாவதி.
வல்லாரையை முகர்ந்து பார்க்கிறேன்.
ஈரமண் வாசம், இன்று பறித்தது.
"ஹொந்தய்" என்று அவளும் தலையாட்டுகிறாள்.
பையில் ஏற்கெனவே அரைமுறித் தேங்காய்
(எப்படி வாங்கினேன் என்று கேட்காதீர்கள்).
அரிவதற்கு
வீட்டில் இன்னொரு மணிக்கட்டு இருக்கிறது.